ரிப்போர்ட்டில் ‘தந்தைவழி’ என்று இருக்கிறது. அப்படியானால் அவர்தான் காரணமா?

தென்மாவட்டத்திலிருந்து 29 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த அத்தை மகனைத் திருமணம் செய்தவர். ஒரே மகன், வயது 4. பிறந்த அன்றே குழந்தை நனைந்த துணி மாதிரி துவண்டு கிடந்தான். அழுதால் பக்கத்து அறைக்குக் கேட்காது. தாய்ப்பாலை இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை. 3 வாரம் மூக்கில் டியூப், அப்புறம் ஆறு மாதம் பாலாடை. உரம் விழுந்திருக்கிறது என்று இரண்டு முறை உரம் எடுக்கவும் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஒரு வயதில் எடுத்த குரோமோசோம் பரிசோதனை ‘நார்மல்’. விதைகள் இறங்காததற்கு 2 வயதில் ஆபரேஷன். அதற்கும் பிறகுதான் நடை வந்தது. 3 வயதிலிருந்து உடம்பு தேறி, இப்போது 24 கிலோ இருக்கிறான். சென்ற மாதம் வேறொரு மருத்துவர் சந்தேகப்பட்டு எம்.எஸ்.-எம்.எல்.பி.ஏ. என்ற மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ‘பிராடர்-வில்லி சிண்ட்ரோம், 15-ஆம் குரோமோசோமில் தந்தைவழிப் பகுதி இழப்பு’ என்று முடிவு வந்தது.

அதுவரை “உன் வயிற்றுக் கோளாறு” என்று பேசிவந்த மாமியார் அன்றோடு வாய் மூடிக்கொண்டார். இப்போது பேச்சு கணவர் பக்கம் திரும்பிவிட்டது. “நாலு வருஷம் வாங்கின பேச்சுக்குப் பதில் கிடைச்சாச்சு. அவர் குடிப்பார். அதனாலதானே டாக்டர்?” என்று கேட்கிறார். கணவர் இரண்டு வாரமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, இன்னொரு குழந்தையே வேண்டாம் என்கிறார். கணவரின் தங்கை 3 மாதக் கர்ப்பிணி, அவருக்கும் பயம். இதற்கிடையில் ஒரு வீடியோவில் ‘இம்ப்ரின்டிங் என்றால் கர்ப்பக் காலத்தில் தாய் நினைப்பதெல்லாம் குழந்தையின் ஜீனில் பதிவது’ என்று கேட்டுவிட்டு, தான் அழுத அழுகைதான் பதிந்துவிட்டதோ என்றும் கலங்குகிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு வருடம் பேச்சு வாங்கியவர் கையில் ஒரு காகிதம் கிடைத்தால் அதை ஓங்கிக் காட்டத்தான் தோன்றும். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காகிதம் நீங்கள் நினைப்பதைச் சொல்லவில்லை. உங்கள் மகனிடம் இருக்கும் இரண்டு 15-ஆம் குரோமோசோம்களில் எதில் துண்டு விட்டுப்போயிருக்கிறது என்பதை மட்டும்தான் ‘தந்தைவழி’ என்ற சொல் குறிக்கிறது. ஏன் விட்டுப்போனது, யாரால் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அதை விளக்குவதற்கு முன் ஓர் அவசரம். 24 கிலோ என்ற எண் உங்கள் கடிதத்தில் சந்தோஷச் செய்தியாக வருகிறது. “அத்தை நெய்ச்சோறு பிசைந்து ஊட்டுகிறார், இப்போதுதான் பார்க்கக் குழந்தை மாதிரி இருக்கிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி அதுதான். 4 வயதுப் பையனின் எடை பொதுவாக 16 கிலோ அளவில் இருக்கும். இதைப் பற்றிக் கடைசியில் விரிவாக எழுதியிருக்கிறேன். மற்றதைப் படிக்க இப்போது மனம் ஓடவில்லை என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

இரண்டு குழாய், ஒன்றுக்கு முத்திரை

ஒரு வீட்டுக்கு முனிசிபாலிட்டி தண்ணீர், போர் தண்ணீர் என்று இரண்டு இணைப்பு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் திறந்திருக்கும். ஒன்று பழுதானால் மற்றது ஓடும், சமையல் நிற்காது. நம் ஜீன்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் வேலை செய்யும்.

ஆனால் மனிதனிடம் சுமார் நூறு ஜீன்கள் விதிவிலக்கு. அவற்றில் இரண்டு இணைப்பும் இருந்தாலும் ஒன்றின் வால்வை மூடி சீல் வைத்திருப்பார்கள். சில ஜீன்களில் அம்மா தந்த பிரதி மூடியிருக்கும், சிலவற்றில் அப்பா தந்தது. மூடியிருக்கும் பிரதி பழுதான பிரதி இல்லை. எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் இருக்கும், படிக்க மட்டும் அனுமதி கிடையாது. இதற்குத்தான் ஜீனோமிக் இம்ப்ரின்டிங் என்று பெயர். மரபணு முத்திரை என்று சொல்லிக்கொள்ளலாம்.

சீல் எதனால் ஆனது? டி.என்.ஏ. இழையில் குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் என்ற சின்னஞ்சிறு வேதித் துணுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. டி.என்.ஏ.வின் எழுத்து மாறுவதில்லை, அதன் மேல் ஒட்டிய சீட்டு மட்டும் மாறுகிறது. செல் பிரியும்போதெல்லாம் சீட்டும் அப்படியே நகலெடுக்கப்படும். உங்கள் மகனுக்கு எடுத்த பரிசோதனையின் பெயரில் முதலில் வரும் ‘எம்’ இந்த மீத்தைல்தான். ஒரு வயதில் எடுத்த சாதாரண குரோமோசோம் பரிசோதனை, நுண்ணோக்கியில் குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பார்ப்பது. சீட்டு அதில் தெரியவே தெரியாது. இந்த அளவு சிறிய துண்டு விட்டுப்போனதும் பெரும்பாலும் கண்ணில் படாது. அந்த ‘நார்மல்’ பொய்யில்லை, கேட்ட கேள்விதான் வேறு. பிறந்தவுடன் துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சாத குழந்தைக்கு மீத்தைல் பரிசோதனையை யாராவது முதல் வருடமே கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

இந்த முத்திரை எங்கே, எப்போது குத்தப்படுகிறது என்பதுதான் உங்கள் வீட்டுச் சண்டைக்கு நேரடியாகத் தேவைப்படும் விஷயம். ஆணின் உடலில் விந்தணுவும் பெண்ணின் உடலில் கருமுட்டையும் உருவாகும்போது, பழைய சீல்கள் எல்லாம் முதலில் அழிக்கப்படும். பிறகு புதிதாகக் குத்தப்படும். ஆண் உடலில் எல்லாவற்றுக்கும் ‘அப்பா’ முத்திரை, பெண் உடலில் எல்லாவற்றுக்கும் ‘அம்மா’ முத்திரை. உங்கள் கணவர் மகனுக்குத் தந்த 15-ஆம் குரோமோசோமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பகுதி அவருடைய தாயிடமிருந்தே வந்திருக்கலாம். அவர் உடலில் ‘அம்மா’ முத்திரையோடு இருந்தது, விந்தணு உருவானபோது ‘அப்பா’ முத்திரைக்கு மாறியிருக்கும். தந்தைவழி என்றால் தந்தையின் வம்சத்து வழி என்று பொருள் இல்லை, கடைசியாகக் கைமாறியது ஓர் ஆணின் உடலிலிருந்து என்று மட்டும்தான். (இதைப் போய் உங்கள் அத்தையிடம் “அப்போ உங்க பக்கம்தான்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவரும் உங்கள் அப்பாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். உங்கள் வீட்டில் வம்சச் சண்டை போட்டால் இரு தரப்புக்கும் ஒரே தாத்தா பாட்டிதான்.)

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு?

இரண்டு பெற்றோரின் ஜீன்களும் சமம் என்றுதான் வெகுகாலம் நினைத்துவந்தார்கள். 1984-இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானியின் குழுவும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் என்ற இருவரும் தனித்தனியாக எலிக் கருக்களில் ஒரு சோதனை செய்தார்கள். தாயின் ஜீன்களை மட்டும் இரட்டிப்பாகக் கொண்ட கருக்கள், தந்தையின் ஜீன்களை மட்டும் இரட்டிப்பாகக் கொண்ட கருக்கள் என இரண்டு வகை உருவாக்கினார்கள். எண்ணிக்கை சரிதான், ஒரு ஜீனும் குறையவில்லை. ஆனால் இரண்டு வகையும் பிழைக்கவில்லை. தாய்-மட்டும் கருக்களில் நஞ்சுக்கொடி வளரவில்லை. தந்தை-மட்டும் கருக்களில் நஞ்சுக்கொடித் திசு ஓரளவு வளர்ந்தது, கரு வளரவில்லை. 

மனிதரில் இதற்கு இணையான ஒன்றை நம் ஊர் மருத்துவச்சிகள் எப்போதோ பார்த்து, முத்துப்பிள்ளை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். வயிறு வளரும், உள்ளே குழந்தை இருக்காது, திராட்சைக் குலை போல நீர்க்கொப்புளங்கள் மட்டும் இருக்கும். முழுமையான முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் குரோமோசோம்கள் அத்தனையும் தந்தையிடமிருந்து வந்தவை. 

1991-இல் முத்திரையுள்ள முதல் ஜீன்கள் அடையாளம் காணப்பட்டன. வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 என்ற ஜீனில் தந்தையின் பிரதி மட்டும் வேலை செய்கிறது. எலியில் அந்தத் தூண்டலைப் பிடித்து இழுத்து நிறுத்தும் இன்னொரு ஜீனில் தாயின் பிரதி மட்டும். டேவிட் ஹெய்க் போன்ற பரிணாம ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள்: தந்தையின் ஜீன்கள் தாயின் உடலிலிருந்து குழந்தைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்கிக்கொடுக்கப் பார்க்கும், தாயின் ஜீன்கள் அடுத்த பிள்ளைக்கும் மிச்சம் வைக்கப் பார்க்கும். எல்லாருக்கும் ஒப்புதலான விளக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தந்தையின் பிரதி இல்லாத உங்கள் மகனுக்குப் பிறந்த நாளிலேயே பாலை இழுத்துக் குடிக்கும் வேகம் இல்லாமல் போனதை நினைத்தால், அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் படுகிறது.

உங்கள் மகனுக்கு நடந்தது

15-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள பல ஜீன்கள் தாயின் பிரதியில் மூடியிருக்கும், தந்தையின் பிரதியில் மட்டும் திறந்திருக்கும். திறந்திருக்கும் அந்தப் பகுதி உங்கள் மகனிடம் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் தந்த பிரதி முழுசாக இருக்கிறது, ஆனால் சீல் வைத்தது. ஓடிய குழாய் உடைந்தது, ஓடாத குழாய் ஓடாமலே இருக்கிறது. பசியையும் சில ஹார்மோன்களையும் கட்டுப்படுத்தும் ஹைப்போதாலமஸ் என்ற மூளைப்பகுதி அதனால் சரியாக இயங்குவதில்லை. துவண்ட தசை, இறங்காத விதை, பிந்திய நடை, இப்போது ஏறும் எடை, எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. 1956-இல் ஜூரிச் நகர மருத்துவர்கள் பிராடர், லாப்ஹார்ட், வில்லி மூவரும் இதை முதலில் விவரித்தார்கள். 10,000 முதல் 30,000 பிறப்புகளில் ஒன்று என்பது கணக்கு.

“குடும்பத்திலேயே இவன்தான் செக்கச்செவேலென்று இருக்கிறான், அதுகூட எனக்குப் பேச்சு வாங்கித் தந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. தோல், முடி, கண்ணின் நிறத்துக்குக் காரணமான ஒரு ஜீன் இதே துண்டுக்குள் இருக்கிறது. துண்டு விட்டுப்போன குழந்தைகள் பலர் குடும்பத்தாரைவிட வெளிறிய நிறத்தில் இருப்பார்கள். நிறத்துக்கும் விளக்கம் அந்த ஒரே ரிப்போர்ட்தான். இதை மட்டும் உங்கள் அத்தையிடம் தாராளமாகச் சொல்லலாம்.

இதே துண்டுக்குள், தாயின் பிரதி மட்டும் திறந்திருக்கும் ஜீனும் உண்டு. அதனால் இதே துண்டு நீங்கள் தந்த குரோமோசோமில் விட்டுப்போயிருந்தால் வேறொரு நோய் வந்திருக்கும். ஏஞ்சல்மன் சிண்ட்ரோம். 1965-இல் இங்கிலாந்தில் ஹாரி ஏஞ்சல்மன் விவரித்தது. அந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு வருவது மிக அரிது. வலிப்பு, தள்ளாட்ட நடை, காரணமில்லாத சிரிப்பு இருக்கும். துண்டு ஒன்றுதான், எந்த முத்திரையுள்ள பிரதியில் இழந்தோம் என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு நோய்கள்.

குடி, சொந்தம், நீங்கள் அழுத அழுகை

துண்டு ஏன் விட்டுப்போனது? அந்தப் பகுதியின் இரு கரைகளிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான டி.என்.ஏ. வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது ஒரு வரியை இன்னொரு வரி என்று தவறாகப் பொருத்திக்கொண்டால் நடுவில் இருப்பது கழன்றுவிடும். படிக்கும்போது ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு பாராக்களில் நடுவில் உள்ளதை விட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவோமே, அது மாதிரி. இந்த வரிகள் எல்லா மனிதர்களிடமும் உள்ளன. என்னிடமும் உண்டு, உங்களிடமும் உண்டு.

கணவரின் குடியால் இது வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. குடியை நிறுத்த ஆயிரம் காரணம் இருக்கிறது, அதை நிறுத்தச் சொல்லி நீங்கள் சண்டை போடுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. இந்த ஒரு காரணத்தை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சொந்தத்தில் திருமணம் செய்ததும் இதற்குக் காரணம் இல்லை. இரண்டு பெற்றோரிடமும் ஒரே பழுதான ஜீன் இருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்து சேர்வதால் வரும் நோய்கள் வேறு வகை. அவற்றில் சொந்தத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். பிறவிக் கோளாறுக்கு எல்லாருக்கும் உள்ள ஆபத்து நூற்றுக்கு 2, 3 என்றால் அத்தை மகன்-மாமன் மகள் ஜோடிக்கு இன்னும் 2, 3 கூடும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் ஆலோசனைக்குப் போகும்போது அதையும் பேசுங்கள். உங்கள் மகனின் நோய்க்கு அது பொருந்தாது.

அந்த வீடியோ சொன்னது அபத்தம். இம்ப்ரின்டிங் என்ற சொல்லில் ‘பதிவு’ இருப்பதால் யாரோ மனப்பதிவு என்று எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். இந்த முத்திரை குத்தப்படுவது கருத்தரிப்பதற்கு முன்பே, பெற்றோரின் உடலில். துண்டு விட்டுப்போனதும் அந்த விந்தணு உருவான நேரத்தில். நீங்கள் கர்ப்பக் காலத்தில் அழுதீர்களா, சிரித்தீர்களா என்பது அதைத் தொடவே முடியாது.

இன்னொன்றும் யோசியுங்கள். பிராடர்-வில்லி குழந்தைகளில் நூற்றுக்கு 65 முதல் 75 பேருக்கு உங்கள் மகனைப் போலத் துண்டு இழப்பு. ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குக் காரணம் வேறு. 15-ஆம் குரோமோசோம் இரண்டுமே தாயிடமிருந்து வந்திருக்கும், தந்தையுடையது இருக்கவே இருக்காது. அப்போது ரிப்போர்ட்டில் ‘தாய்வழி’ என்று எழுதியிருக்கும். நோய் இதேதான். அந்தக் காகிதத்தை உங்கள் வீட்டில் யார் ஓங்கியிருப்பார்கள்?

அடுத்த குழந்தை, கணவரின் தங்கை

உங்கள் மகனுக்கு இருப்பது வழக்கமான பெரிய துண்டு இழப்பு. பெரும்பாலும் அந்த ஒரு விந்தணுவில் நேர்ந்த விபத்து. அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இந்தக் கணக்கைச் சொல்வதற்கு முன் ஒரு பரிசோதனை வேண்டும்: உங்கள் கணவரின் குரோமோசோம் பரிசோதனை, கூடவே 15-ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதியைத் தனியாகப் பார்ப்பதும். அரிதாகத் தந்தையிடம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி, ஆனால் எதுவும் குறையாமல் இருக்கும். அவருக்கு எந்தத் தொந்தரவும் இராது, பிள்ளைகளுக்கு ஆபத்து கூடிவிடும். 

அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், ஏனென்றால் அவர் தங்கையின் கேள்விக்கும் அதுதான் பதில். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தால், தங்கைக்கு மற்ற கர்ப்பிணிகளுக்கு உள்ள ஆபத்துதான், தனியாக எந்த ஊசியும் பரிசோதனையும் தேவையில்லை. இடமாற்றம் இருந்தால் மட்டும் தங்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை’ என்ற வாதம் பற்றியும் ஒரு வார்த்தை. மிகச் சிலருக்கு, பழைய முத்திரையை அழித்துப் புதியதைக் குத்தச் சொல்லும் சின்ன இடமே பழுதாகியிருக்கும். அந்தப் பழுது பெண்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் இறங்கிவரும். பெண்ணிடமிருந்து வரும் பிரதி எப்படியும் மூடியிருக்க வேண்டியதுதானே, யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஓர் ஆண் அதைத் தன் பிள்ளைக்குத் தரும்போதுதான் வெளிப்படும், அப்போது ஆபத்து இரண்டில் ஒன்று. ஆக, வம்சத்தில் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் பெரிய துண்டு தெளிவாகத் தெரிவதால் இந்தக் கிளைக்கதை உங்களுக்கு இல்லை.

அடுத்த கர்ப்பத்தில், ஆபத்து குறைவு என்றாலும் மன அமைதிக்காக 16 வாரம் வாக்கில் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். கருச்சிதைவு ஆபத்து சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை. குரோமோசோம், மரபணுக் கோளாறுகளுக்காக இப்படிப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. தாயின் ரத்தத்தை மட்டும் எடுத்து ‘15-ஆம் குரோமோசோமும் பார்க்கிறோம்’ என்று சில லேப்கள் விற்கும் பேக்கேஜை இதற்கு நம்பாதீர்கள். அது வடிகட்டும் பரிசோதனை. அதில் சந்தேகம் என்று வந்தாலும் முடிவு தெரியப் பனிக்குட நீருக்குத்தான் வரவேண்டும்.

இன்னொரு குழந்தை வேண்டுமா என்பது உங்கள் இருவர் முடிவு. ஆனால் அவர் இப்போது வேண்டாம் என்பது தன் ரத்தமே விஷம் என்று நினைத்துக்கொண்டு. அந்த நினைப்பில் எடுக்கும் முடிவு வேண்டாம். மரபணு ஆலோசனைக்கு இருவருமாகப் போங்கள், மருத்துவர் சொல்வதை அவர் காதால் கேட்கட்டும். நீங்கள் போய்க் கேட்டுவந்து சொன்னால் அது இன்னொரு சண்டையாகத்தான் முடியும்.

நெய்ச்சோறு

இனி அந்த 24 கிலோ. இந்த நோய்க்கு இரண்டு முகம். குழந்தைப் பருவத்தில் சாப்பிட மாட்டான் என்று அழவைக்கும். 2 வயது வாக்கில், கூடுதலாகச் சாப்பிடாமலே எடை ஏறத் தொடங்கும். 4, 5 வயதில் சாப்பாட்டின் மேல் கவனம் போகும். 8 வயதை ஒட்டி, சிலருக்கு முன்னாலேயே, எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போகாத நிலை வந்துவிடும். அப்போது பிள்ளை திருடிச் சாப்பிடுவான், குப்பையில் இருப்பதையும் எடுப்பான். அது பிடிவாதமோ வளர்ப்புக் குறையோ கிடையாது. நமக்கு மூச்சு முட்டினால் எப்படிக் காற்றுக்குத் தவிப்போமோ அப்படி.

தசை குறைவாக இருப்பதால் இவனுக்கு அதே வயதுப் பிள்ளைகளைவிடக் குறைவான கலோரி போதும். எவ்வளவு என்பதை உணவியல் நிபுணர்தான் கணக்கிட வேண்டும். நீங்களாகவே திடீரென்று பாதியாக வெட்டிவிடாதீர்கள், கால்சியமும் வைட்டமினும் சேர்ந்து குறைந்துவிடும். மாதம் ஒருமுறை எடை, உயரம் எழுதிவையுங்கள்.

நேரம் மாறாத சாப்பாடு, அளவு மாறாத தட்டு, நடுவில் எதுவும் இல்லை. இதை வீடு முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சர், பக்கத்து வீட்டு ஆச்சி, கோயிலில் சர்க்கரைப் பொங்கல் நீட்டுபவர், எல்லாருக்கும் இது மருத்துவ விஷயம் என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். பிரிட்ஜுக்கும் சமையலறைக்கும் ஒருநாள் பூட்டு போட வேண்டிவரும். கொடுமை என்று ஊர் பேசும். ஆனால் அடுத்த சாப்பாடு எப்போது என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைகள்தான் அமைதியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் முறுக்கு டப்பாவை வைத்துவிட்டு ‘எடுக்காதே’ என்பதுதான் கொடுமை.

உங்கள் அத்தையைப் பற்றி: நான்கு வருடம் பேசியவர், இப்போது ஊட்டி ஊட்டித் தன் குற்ற உணர்ச்சியைக் கரைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கையிலிருந்து கிண்ணத்தை மட்டும் பிடுங்கினால் தாங்க மாட்டார். தினமும் மாலை அரைமணி நேரம் நடக்கக் கூட்டிப்போகும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

சில எச்சரிக்கைகள். இந்தக் குழந்தைகளுக்கு வாந்தி எளிதில் வராது, வலி சரியாகத் தெரியாது, தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். நிறையச் சாப்பிட்டபின் வயிறு உப்பி, சோர்ந்துபோனாலோ வாந்தி எடுத்தாலோ வீட்டில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. எந்த ஆபரேஷனுக்கும் மயக்க மருந்து தருபவரிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். உரம் எடுக்க இனி வேண்டவே வேண்டாம். தசையில் பிடிப்பில்லாத குழந்தையைத் துணியில் போட்டு உருட்டினால் கழுத்துக்கு ஆபத்து.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த நோய்க்கு அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. உயரம் மட்டும் இல்லை, தசை கூடும், கொழுப்பு குறையும், சுறுசுறுப்பு வரும். ஆனால் எடை அதிகமாக, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் குழந்தைக்கு ஊசி ஆபத்தாகலாம். குறட்டை விடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதனால் முதலில் தூக்கப் பரிசோதனை, பிறகு தைராய்டு, முதுகெலும்பு வளைவு எல்லாம் பார்த்துத்தான் தொடங்குவார்கள். செலவு நினைத்துப் பயப்படுகிறீர்கள். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான கொள்கையில், பிராடர்-வில்லிக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை இரண்டாம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. அதற்கான சிறப்பு மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒன்று. மரபணு ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டுகள், வளர்ச்சி அட்டை, ஆதார் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது உதவும்.

“இது குணமாகுமா” என்ற கேள்விக்கு இன்றைய பதில், குணமாக்க மருந்து இல்லை. நீங்கள் தந்த பிரதி முழுசாக உள்ளே இருக்கிறது என்றேன் அல்லவா, அந்தச் சீலைத் திறக்க முடியுமா என்று எலிகளில் ஆய்வு நடந்து, சில நல்ல முடிவுகளும் வந்திருக்கின்றன. ஏஞ்சல்மன் சிண்ட்ரோமில் தந்தையின் மூடிய பிரதியைத் திறக்கும் மருந்துகள் மனிதர்களிலேயே சோதிக்கப்படுகின்றன. யாராவது இன்றைக்கே திறந்துதருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பேச்சு சரியாக வராவிட்டாலும் படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான், இதுவும் நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குழந்தைகளில் பலர் அதில் நம்மையெல்லாம் தோற்கடிப்பார்கள். 24 துண்டுப் பெட்டியைச் சேர்த்துவிட்டான் என்றால் அடுத்து 48 வாங்கிக்கொடுங்கள். அவன் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.